வார்டுக்கு முதல்ல காத்து, அப்புறம் வாசனை

சிவகாசிப் பக்கம் 'மருந்து'ன்னு சொன்னா ரெண்டு அர்த்தம். ஒண்ணு மெடிக்கல் ஷாப்ல வாங்குறது. இன்னொண்ணு பட்டாசுக்குள்ள போற வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் கலவை. ரெண்டாவது மருந்து வெடிச்சா, முதல் மருந்தைத் தேடி ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அதனால ஆஸ்பத்திரியில என்ன வாசனை இருக்கணும்ங்கிறது நம்ம மாவட்டத்துக்குச் சின்ன விஷயம் இல்ல.

இது ப்ராஜெக்ட் சீசன். வார்டுல லாவெண்டர் தெளிக்கிற 'ஸ்மார்ட் டிஃப்யூசர்' செய்யலாம்னு உங்க டீமும் யோசிச்சிருக்கலாம். ஐடியாவுக்குப் பின்னாடி அறிவியல் உண்டு. பார்வை, ஒலி எல்லாம் மூளையில தலாமஸ் வழியா சுத்திப் போகும். வாசனை மட்டும் பயமும் ஞாபகமும் பதியுற பகுதிகளுக்கு நேரா போயிடும். வியன்னாவுல ஒரு பல் மருத்துவமனையில 72 பேரை வச்சு நடத்தி 2000-ல வெளியிட்ட ஆய்வுல, காத்திருப்பு அறையில ஆரஞ்சு வாசனை இருந்தப்போ பெண்களுக்குப் பதற்றம் குறைஞ்சது.

ஆனா அதே வழியில பயமும் வரும். கந்தக வாடை உங்களுக்கும் எனக்கும் தீபாவளி. விபத்துல தப்பிச்சவருக்கு அது அந்த நாள். யாருக்கு எந்த வாசனை எதை ஞாபகப்படுத்தும்னு சென்சாருக்குத் தெரியாது.

தீக்காய வார்டுல இன்னும் கவனம் வேணும். சூடான புகையைச் சுவாசிச்சவங்களுக்கு மூச்சுக்குழாயே வெந்திருக்கும். சென்ட் அதை இன்னும் உறுத்தும். சூடோமோனாஸ்ங்கிற பாக்டீரியா புண்ணுல பரவினா திராட்சை மாதிரி ஒரு இனிப்பு வாடை வரும். அனுபவமுள்ள நர்ஸுக்கு அதுவே ஒரு எச்சரிக்கை. மேல லாவெண்டரை அடிச்சா அந்த எச்சரிக்கை அமுங்கிடும். சரி, மல்லிகைப்பூ வைக்கலாமான்னா, பூவுலயும் பூச்சாடித் தண்ணியிலயும் அதே பாக்டீரியா வளரும். பல தீக்காயப் பிரிவுகள்ல பூவுக்கே தடை. ஆக்ஸிஜன் ஓடுற இடத்துல ஊதுபத்தி கூடாதுன்னு பட்டாசு ஊர்க்காரங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல.

அப்போ வாசனைக்கு இடமே இல்லையா? இருக்கு. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி வெடிவிபத்துல 30 பேருக்கு மேல இறந்தாங்க. அப்படி ஒரு நாள்ல வார்டுக்கு வெளிய காத்திருக்குற அம்மாவை, மனைவியை நினைச்சுப் பாருங்க. அவங்க உட்கார்ற இடத்துல பாத்ரூம் நாத்தம் அடிச்சா, எந்த ஆரஞ்சும் உதவாது. முதல்ல நாத்தத்தோட காரணத்தை எடுக்கணும். ஜன்னலைத் திறங்க, புகை போட்டு நாத்தத்தை மறைக்கிறதை நம்பாதீங்கன்னு ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-லயே எழுதிட்டாங்க.

நம்ம வேலை இங்கதான் இருக்கு. பொது வார்டுலயும் புறநோயாளிகள் பகுதியிலயும், இயற்கைக் காற்றோட்டத்தை நம்பியிருந்தா, ஒருத்தருக்கு நொடிக்கு 60 லிட்டர் காத்து வேணும்னு உலக சுகாதார நிறுவனம் 2009-ல சொல்லியிருக்கு. அனுமதி வாங்கிட்டு ஒரு அனிமோமீட்டரோட போய் அளந்து பாருங்க. எந்த ஜன்னல் அடைச்சிருக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன் எங்க வேணும்னு ரிப்போர்ட் குடுங்க. அதுக்கப்புறமும் ஆசை இருந்தா, காத்திருப்பு ஹால்ல மட்டும் லேசா ஆரஞ்சு வாசனை வைங்க. உட்கார்ந்திருக்குறவங்க வேணாம்னு சொன்னா உடனே நிறுத்துற மாதிரி ஒரு சுவிட்சும் வைங்க. அதுக்கு ஆப் தேவையில்ல.