தெரியாம நடந்த 'லிஃப்ட்'டுக்கும் மார்க் குறைக்கணுமா?

பிபிசியின் 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்ஸிங்' நிகழ்ச்சியில் சார்லஸ்டன் மாதிரி சில நடனங்களில் ஜோடியைத் தூக்கி ஆடலாம். வால்ட்ஸில் கூடாது. ஜோடியின் பிடியில் இருப்பவரின் இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பினா, அது 'லிஃப்ட்'.

வேகமாகச் சுழலும்போது கால் தானாகவே எழும்பிடும். அங்கேதான் சிக்கல். நடுவர் கிரெய்க் ரெவெல் ஹார்வுட் அதைப் பளிச்சுனு சொல்லிடுவார். பக்கத்து நடுவர் கண்டுக்காமலே போகலாம். அமெரிக்காவின் 'டான்ஸிங் வித் தி ஸ்டார்ஸ்' நிகழ்ச்சியில் கேரி ஆன் இனாபா இதற்கே பெயர் போனவர்.

என்னைக் கேட்டா, வேணும்னே செஞ்சாங்களா, தவறிப் போச்சா என்று அலசவே வேண்டாம். மனசுல என்ன இருந்ததுன்னு எந்த கேமராவும் காட்டாது; கால் எங்கே இருந்ததுன்னு ரீப்ளே காட்டும். அதைப் பார்த்துட்டு நாலு நடுவரும் ஆளுக்கு ஒரு மார்க் குறைக்கட்டும். (ஸ்டெப் போட்டது தொழில்முறை டான்ஸர், திட்டு வாங்குறது பிரபலம். அது தனிக்கதை!)