எச்சமா, முற்றா? - இங்கிலீஷுக்கும் இதுதான் மக்களே

பொட்டி தட்டுற நம்ம கூட்டத்தில் சுத்துற மெயில்களில் அடிக்கடி கண்ணில் படுற ஒரு வரி: "பிகாஸ் த சர்வர் வாஸ் டவுன்." அவ்வளவுதான், புள்ளி. சரிய்யா, சர்வர் டவுன். அதனால என்ன ஆச்சு?

இன்டிபென்டென்ட் கிளாஸ் தனியா நிக்கும், டிபென்டென்ட் கிளாஸ் நிக்காது. ஸ்கூல்ல எல்லாரும் உருப்போட்டதுதான். எது நிக்கும்னு கண்டுபிடிக்கிறதுதான் பிரச்சனையே. என்னைக் கேட்டா, நம்ம பசங்களுக்கு இதைத் தமிழ் இலக்கணத்தை வெச்சுதான் நடத்தணும்.

"மழை பெய்தது" முற்று. "மழை பெய்து", "மழை பெய்தால்", "மழை பெய்தாலும்" எல்லாம் எச்சம். இன்னும் மிச்சம் இருக்குன்னு வினையோட வாலே காட்டிக் கொடுத்துடும்.

இங்கிலீஷ்ல கதை தலைகீழ். "இட் ரெயின்டு" முழு வாக்கியம். முன்னாடி ஒரு பிகாஸோ, இஃப்போ, வென்னோ, ஆல்தோவோ சேர்த்தா அந்தரத்தில் தொங்கும். ஆனா வினை மாறவே மாறாது! நாம பழக்கதோஷத்தில் வாலைப் பார்த்துட்டு, வினை முடிஞ்சிருக்கேன்னு புள்ளி வெச்சுடறோம். பார்க்க வேண்டியது தலையை.

இதில் ஒரு கண்ணிவெடி உண்டு. ஆல்தோ, ஹவெவர் ரெண்டுக்குமே நாம "இருந்தாலும்"னுதான் அர்த்தம் வெச்சிருக்கோம். ஆல்தோ போட்டா எச்சம், அதாவது "பெய்தாலும்". ஹவெவர் அப்படி இல்லை. "மழை பெய்தது. இருந்தாலும் விளையாடினோம்" மாதிரி ரெண்டு முற்று. நடுவில் வெறும் கமா போதாது, புள்ளியோ அரைப்புள்ளியோ வேணும். அப்புறம், ஆல்தோ போட்ட வாக்கியத்தில் மறுபடி ஒரு பட் எதுக்கு? ரெண்டில் ஒண்ணு போதும்.

"ஏன் விளையாடலை?"ன்னு கேட்டா "பிகாஸ் இட் ரெயின்டு"ன்னு சொல்லலாமேன்னு சண்டைக்கு வருவீங்க. பேச்சில் தாராளமா சொல்லலாம். கேள்வியே மீதியைச் சொல்லிடுது. மெயிலை நாலு பேருக்கு ஃபார்வர்டு பண்ணும்போது அந்தக் கேள்வி கூடவே போகாது.

இலக்கணப் புலிகளோட வெட்டி வேலைன்னு நினைக்காதீங்க. "இஃப் த பேக்கப் இஸ் ஓவர். டெலீட் த ஓல்டு ஃபைல்ஸ்." நிபந்தனை முதல் வரியில் தொங்குது. ரெண்டாவது வரி தனி ஆர்டரா கம்பீரமா நிக்குது. ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் படிக்கிறவர் எதைச் செய்வார்? ஒரு புள்ளியைக் கமாவா மாத்தினா ஃபைல் பிழைக்கும்.

தமிழ் இலக்கணம் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறோம்னு கேக்குறவங்களுக்கு என் பதில் இதுதான்: இங்கிலீஷையாவது ஒழுங்கா எழுதலாம் :-)