எத்தனை போல்ட் என்பதா கேள்வி?
பழைய ஷெவர்லே 350 கன அங்குல எஞ்சின் பிளாக்கை வாங்கி 383 ஸ்ட்ரோக்கராகக் கட்ட நினைக்கும் அமெரிக்கர்கள் பலரும் விற்பவரிடம் முதலில் கேட்பது, கிராங்கைப் பிடித்திருக்கும் மெயின் கேப்புக்கு இரண்டு போல்ட்டா நான்கா என்பதைத்தான். விளம்பரங்களிலும் அந்த நான்குக்குத்தான் மவுசு. நான்கு போல்ட் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் தெருவில் ஓடும் 400 குதிரைத்திறன் எஞ்சினை இரண்டு போல்ட் பிளாக்கே தாங்கிவிடும். தாங்காதது மெலிந்த சிலிண்டர் சுவர். 4 அங்குல போரை 0.030 அங்குலம் அகலப்படுத்தி, 3.48 அங்குல ஸ்ட்ரோக்கை 3.75 ஆக நீட்டினால் கிடைப்பதுதானே 383? ஏற்கெனவே 0.060 வரை கடைந்துவிட்ட பிளாக்கில் இனி எடுக்க என்ன மிச்சம்? வார்க்கும்போது உள்ளச்சு கொஞ்சம் நகர்ந்திருந்தாலே போதும், சுவர் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்துவிடும்; அது கண்ணுக்குத் தெரியாது. ஸ்ட்ரோக் நீளும்போது கனெக்டிங் ராடு கூடுதலாகச் சாய்கிறது, பிஸ்டன் சுவரை இன்னும் பலமாகப் பக்கவாட்டில் நெருக்குகிறது. அந்தப் பக்கம்தான் மெலிந்தது என்றால் போச்சு. மீயொலிக் கருவியால் எட்டு சிலிண்டர்களின் சுவரையும் சுற்றிச்சுற்றி அளக்கச் சொல்வது இதற்காகத்தான். விரிசல் சோதனையும் கட்டாயம். கிராங்கின் பின்புற ஆயில் சீல் 1986-இல் மாறியதால், பிளாக் எந்த ஆண்டினது என்று தெரியாமல் கிராங்க் வாங்கக் கூடாது. என்னைக் கேட்டால், பளபளவென்று பெயின்ட் அடித்த நான்கு போல்ட் பிளாக்கைவிட, இதுவரை ஒருமுறைகூடக் கடையாத, துருவேறிய இரண்டு போல்ட் பிளாக்குக்கே பணம் கொடுப்பேன்.