டின்னைத் தாண்டி

மலேசியாவின் அம்பாங் பெச்சா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் வீட்டு பீர் என்றால் முகம் சுளிப்பார்கள். அதில் நியாயம் உண்டு. கள்ளுக்கடை தின்ற கூலி எத்தனை! 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கை.

ஆனால் பீர் காய்ச்சுவது ஒரு கைத்திறன். டின்னில் வரும் மால்ட் பாகைக் கரைத்து ஈஸ்ட் தூவுவது முதல் படி. அடுத்தது, முளைகட்டிய பார்லியை உடைத்து 65 முதல் 68 பாகை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, அந்தச் சாற்றை ஹாப்ஸுடன் கொதிக்கவிடுவது. இங்கே பலரும் பார்லிக்குத்தான் அவசரப்படுகிறார்கள். என் கருத்தில் வெப்பக் கட்டுப்பாடுதான் முதலில் வேண்டும். சாதாரண ஏல் ஈஸ்ட் நொதிக்க 20 பாகை அளவே இதம். நம் இரவே அதைவிடச் சூடு. சூடு மிஞ்சினால் சாராய நெடி ஏறும். பழைய குளிர்பெட்டியோ, 30 பாகைக்கு மேலும் நன்றாக வேலை செய்யும் நார்வே நாட்டு க்வைக் ஈஸ்டோ கைகொடுக்கும்.

சட்டம்தான் இடைஞ்சல். மலேசியாவில் உரிமமின்றி மது தயாரிப்பது 1976 கலால் சட்டப்படி குற்றம். பிரிட்டன் 1963லேயே வீட்டு பீருக்கு உரிமம் வேண்டாம் என்றது. சிங்கப்பூரோ சொந்தப் பயனுக்கு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை அனுமதிக்கிறது. வடிசாராயத்துக்கு அங்கும் தடை. முஸ்லிம் அல்லாத பெரியவர்களுக்கு இங்கும் அப்படியொரு வரம்பு வேண்டும். அதுவரை, உரிமம் இல்லாமல் அடுப்பு மூட்டாதீர்கள்.