தரையை நெருங்கும் வேளை

பேருந்து ஓட்டுநர் வண்டியைச் செலுத்தும்பொழுது அவரிடம் பேச்சுக் கொடுத்தல் ஆகாது என்பது யாவரும் அறிந்த விதி. அறிந்தும் பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. கிரிவலத்திற்கு வரும் மக்கள் திரள் சாலையை நிறைக்கும் நாளில், வேங்கிக்கால் வழியே திருவண்ணாமலையை நெருங்கும் பேருந்து ஒன்றைக் கருதுங்கள். வெட்டவெளிச் சாலையில் தீங்கு செய்யாத பேச்சு, இந்தக் கடைசி ஒரு கல் தொலைவில் பெருந்தீங்கு விளைத்துவிடும். பயணத்தின் எல்லாப் பகுதிகளும் ஒரு தன்மையன அல்ல. ஊரை நெருங்கும் பகுதியே ஓட்டுநரின் முழுக் கவனத்தையும் வேண்டி நிற்பது. விமானப் பயணத்திற்கு இவ்வுண்மை இன்னும் கடுமையாகப் பொருந்தும்.

உயர வானில் செல்லும்பொழுது தானியங்கிக் கருவியே பெரும்பாலும் விமானத்தை நடத்திச் செல்கிறது. இறங்கத் தொடங்கியபின் நிலைமை மாறுகிறது. வேகத்தைக் குறைத்தல், சக்கரங்களை இறக்குதல், நிலையத்தாரோடு வானொலியிற் பேசுதல் ஆகிய பல வேலைகள் சில நிமிடங்களுக்குள் நெருங்கி வருகின்றன. இறுதியில் சரிபார்ப்புப் பட்டியலை ஒருவர் படிக்க, மற்றவர் ஒவ்வொன்றற்கும் விடையிறுக்க வேண்டும். குறித்த உயரத்திற்கு வருமுன் யாவும் ஒழுங்காக அமைந்திராவிடின், இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மீண்டும் மேலேறிச் சுற்றி வருதல் வேண்டும். விதி இவ்வளவு எளியது. ஆயினும் இது தவறியதால் விளைந்த கேடுகள் பல.

1972ஆம் ஆண்டு திசம்பர் 29ஆம் நாள் இரவு, அமெரிக்க நாட்டின் மயாமி நகரில் இறங்கவிருந்த விமானம் ஒன்றில், முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் சிறு விளக்கு எரியவில்லை. விமானிகள் சுற்றி வந்து, அவ்விளக்கை ஆராய்வதில் முனைந்தனர். அதற்கிடையே, உயரத்தை நிலைநிறுத்தும் கருவியின் பிடி தம்மை அறியாமலே விடுபட்டதை எவரும் கவனிக்கவில்லை. விமானம் மெல்ல மெல்லத் தாழ்ந்து சதுப்பு நிலத்தில் வீழ்ந்தது. நூறுபேர் அளவில் மாண்டனர். சக்கரம் உண்மையில் இறங்கியே இருந்தது. பழுதுபட்டது விளக்கு மட்டுமே! ஒரு விளக்கை எல்லாரும் பார்த்தனர். விமானத்தைப் பார்ப்பார் ஒருவரும் இலர். இத்தகைய விபத்துகளுக்குப்பின், 10,000 அடிக்குக் கீழே பணிக்குத் தேவையற்ற பேச்சும் செயலும் விமானி அறையில் கூடா என்னும் விதியை அந்நாடு 1981இல் வகுத்தது.

விதி வகுத்தபின்னும் மனித மனம் மாறிவிடுவதில்லை. தமிழ் மக்கள் பலர் வாழும் சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் நிகழ்ந்ததை நோக்குவோம். ஆத்திரேலியாவின் டார்வின் நகரிலிருந்து வந்த ஜெட்ஸ்டார் விமானம் சாங்கி நிலையத்தில் இறங்க அணுகிக் கொண்டிருந்தது. விமானத்தைச் செலுத்தியவர் துணை விமானி. அவர் செய்வதைக் கண்காணித்து உதவ வேண்டியவர் தலைமை விமானி. 2,000 அடிக்கு மேல் இருந்தபொழுது, அணைக்கப்படாதிருந்த தலைமை விமானியின் கைப்பேசியில் செய்திகள் வந்து ஒலித்தன. துணை விமானி கருவியொன்றை அமைக்குமாறு கூறினார், விடையில்லை. மீண்டும் கூறினார், அப்பொழுதும் விடையில்லை. திரும்பிப் பார்த்தால், தலைமை விமானி கைப்பேசியில் ஆழ்ந்திருந்தார். அதனை அணைக்கவே முயன்றதாக அவர் பின்னர்த் தெரிவித்தார். அது மெய்யாகவே இருக்கலாம். அணைப்பதற்காக எடுத்தாலும் கண் அங்கேதான் செல்கிறது.

1,000 அடியில் துணை விமானிக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றியது, இன்னதென்று தெரியவில்லை. சக்கரங்கள் இறக்கப்படவில்லை, பட்டியலும் படிக்கப்படவில்லை. 720 அடியில் எச்சரிக்கை எழுந்தது. தலைமை விமானி சக்கரங்களை இறக்க முற்பட்டார். துணை விமானியோ மேலேறிச் செல்லவே எண்ணியிருந்தார். ஒருவர் எண்ணியதை மற்றவர் அறியவில்லை. ஏறத்தாழ 390 அடியில்தான் விமானம் இறங்கும் முயற்சியைக் கைவிட்டது.

பல்லாயிரம் மணி நேரம் பறந்த வல்லுநருக்குத் தாளைப் பார்த்துப் படிக்கும் பட்டியல் எதற்கு என்று சிலர் வினவுவர். இவ்வினா வல்லுநரின் இயல்பை அறியாதார் வினா. புதியவன் ஒவ்வொன்றையும் அஞ்சி அஞ்சி எண்ணிப் பார்க்கிறான். பழகியவனுடைய கை தானே இயங்குகிறது. நடுவில் ஒரு தடை நேர்ந்தால், செய்யாத செயலையும் செய்துவிட்டதாகவே அவன் மனம் கொள்கிறது. 1935இல் அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தின் புதிய போர் விமானம் ஒன்று, சுக்கான்களைப் பூட்டி வைத்திருந்த பூட்டை விடுவிக்க மறந்ததனாலேயே எழும்பியவுடன் வீழ்ந்தது. அதனைச் செலுத்தியோர் கற்றுக்குட்டிகள் அல்லர், தேர்ந்த விமானிகள். அதன் பின்னரே சரிபார்ப்புப் பட்டியல் விமானத் துறையில் வேரூன்றியது. ஆதலின், பட்டியலைப் படிப்பது திறமைக்கு இழுக்கு என்னும் கருத்தை நான் ஒப்பேன்.

நம் நாட்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மூத்தோர் முன் எதிர்த்துப் பேசலாகாது என்று நாம் இளமையிலேயே பழக்கப்படுகிறோம். வீட்டில் இது நற்பண்பே. விமானி அறையிலோ இது உயிருக்கு உலை வைத்துவிடும். துபாயிலிருந்து 166 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்சுபிரசு விமானம், 2010ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் காலையில் மங்களூரில் இறங்கியது. அந்நிலையம் குன்றின்மேல் அமைந்தது. வழியில் நெடுநேரம் உறங்கிய தலைமை விமானி, அளவுக்கு மீறிய உயரத்தில் வந்தும் இறங்கும் முயற்சியை விடவில்லை. மேலேறிச் செல்வோம் எனத் துணை விமானி மும்முறை கூறினார். எச்சரிக்கைக் கருவியும் ஒலித்தது. எதுவும் கேட்கப்படவில்லை. விமானம் ஓடுதளத்தைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்து எரிந்தது. 158 பேர் உயிரிழந்தனர். எண்மர் மட்டுமே தப்பினர்.

துணை விமானி வாய் திறந்தார். ஆனால் சுக்கானைத் தம் கையில் எடுத்துக் கொள்ளவில்லை. அவருக்கு அவ்வுரிமை உண்டா என்பது விதிகளில் தெளிவாக இல்லாமை ஒரு காரணமாகலாம் என்று விசாரணை மன்றமே குறிப்பிட்டது. அவரைக் குறை கூறுவதில் பயனில்லை. இளையவர் எவ்வளவு துணிந்தாலும், மூத்தவர் கேட்கப் பழகாதவிடத்து அத்துணிவு வீணே. பயிற்சி இருவர்க்கும் வேண்டும். என் கருத்தில், மூத்தவர்க்கே மிகுதியாக வேண்டும்.

மேலேறிச் சுற்றி வருவதனை ஒரு தோல்வியாகக் கருதும் மனப்பான்மையும் ஒழிதல் வேண்டும். தரையைத் தொடவிருந்த விமானம் திடீரென மேலெழுந்தால் பயணிகள் முணுமுணுக்கின்றனர். எரிபொருள் சிறிது செலவாகும். நேரம் சிறிது கழியும். அவ்வளவே. சிங்கப்பூரில் அன்று அவ்வாறு மேலெழுந்த விமானம் ஒரு சுற்று வந்து, சக்கரங்களை இறக்கி, ஊறு எதுவுமின்றித் தரையிறங்கியது.