ஓடியது ஏன்?

போலீஸ் கைகாட்டியும் காரை நிறுத்தாமல் ஓடியவர் என்றாலே, 'மடியில் கனமில்லாவிட்டால் ஏன் ஓடுகிறான்?' என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். குடும்பத்தாரும் அதையேதான் சொல்கிறார்கள்: "குற்றத்தை ஒப்புக்கொள்ளுடா, அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்."

கொஞ்சம் பொறுங்கள். அந்தக் குற்றப்பதிவு நாளைக்கு வேலை தேடும்போதும் கூடவே வரும்.

நம் நாட்டில் இத்தகைய வழக்குகளில் அடிக்கடி அடிபடுவது குற்றவியல் சட்டத்தின் 186ஆவது பிரிவு. அரசு ஊழியரின் கடமைக்கு வேண்டுமென்றே இடையூறு செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும். 'வேண்டுமென்றே' என்ற அந்த ஒரு சொல்லைத்தான் வழக்கறிஞர் முதலில் பிடித்துக்கொள்வார். நள்ளிரவு, சாதாரண கார், சீருடை இல்லாத இருவர். வந்தவர்கள் போலீஸ் என்று ஓட்டுநருக்குத் தெரிந்ததா? சைரன் ஒலித்ததா? அதிகார அட்டையைக் காட்டினார்களா? கொள்ளையர் என்று பயந்தவர் போனது வெளிச்சமான பெட்ரோல் நிலையத்துக்கா, இருட்டுச் சந்துக்கா? காரில் டேஷ்கேம் இருந்தால் உடனே வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். அது பழைய பதிவை அழித்துக்கொண்டே புதியதைப் பதியும்.

சுழல்விளக்கோடு ரோந்துக் கார் பத்து நிமிடம் துரத்தியிருந்தால் இந்த வாதம் எடுபடாது. 'சாலை வரி முடிந்துவிட்டது, அதான் ஓடினேன்' என்பதோ, தன் வாயாலேயே கெடுவது!

வழக்கறிஞருக்குப் பணமில்லையா? கைதாகும் மலேசியர்களுக்கு இலவசமாக வாதாடத்தான் 2011இல் தேசிய சட்ட உதவி அறவாரியம் அமைக்கப்பட்டது. வழக்கு விசாரணைக்கு வருமான வரம்பு உண்டு. மாஜிஸ்திரேட் முன் குற்றச்சாட்டு வாசிக்கப்படும் முன்பே கேட்டுவிடுங்கள்.