உச்சத் துடிப்பை நிர்ணயிப்பவர் யார்?

பெருமுக்கல் மலையைச் சூழ்ந்த கிராமங்களிலிருந்து மரக்காணத்து உப்பளங்கள் வரை பரந்துகிடக்கும் இந்தக் கடற்கரைப் பிரதேசத்தில் தொழில் வைத்தியம் பார்ப்போரும், மாரடைப்பிலிருந்து தேறி வருவோருக்கு உடற்பயிற்சி விதிப்போரும், வீடு வீடாகச் சென்று நாடி பார்க்கும் சுகாதார ஊழியரும் கைக்கடிகார வடிவிலான துடிப்பளக்கும் சாதனத்தை உபயோகிக்கத் தலைப்பட்டிருக்கும் இந்நாளில், விற்பனைக் குறிப்புகளில் இடம்பெறாததும் நோயாளியின் தேகத்தை நேராகத் தாக்கக்கூடியதுமான ஒரு குறையைக் குறித்து இங்கே எழுதுவது அவசியமென்று கருதுகிறோம். வைத்தியர் பரீட்சித்தறிந்து கடிகாரத்தில் பதித்துவைத்த உச்சத் துடிப்பு எண்ணை, அதனோடு இணைந்த கைபேசிச் செயலி எவரையும் கேளாமல் அழித்து, தான் கணக்கிட்ட எண்ணை அவ்விடத்தில் எழுதிவிடுகிறது என்பதே அக்குறை.

ஒரே மனிதரின் பிறந்த தேதி, எடை, ஓய்வுநிலைத் துடிப்பு, உச்சத் துடிப்பு ஆகிய விவரங்கள் கடிகாரத்தில் ஒரு பிரதியாகவும், கைபேசியில் மற்றொரு பிரதியாகவும், தயாரிப்பாளரின் சர்வரிலுள்ள கணக்கில் மூன்றாவது பிரதியாகவும் இருக்கின்றன. இம்மூன்றும் சிங்க் ஆகும் வேளையில் ஒன்றோடொன்று மாறுபட்டு நின்றால், எது மெய்யென்று தீர்மானிக்கும் உரிமையைப் பல தயாரிப்புகளில் கடிகாரத்துக்கு அளிக்காமல் செயலியின் கணக்குக்கே அளித்திருக்கிறார்கள். ஆகவே கடிகாரத்தின் பொத்தானை அழுத்தி நாம் காலையில் பதித்த எண் மாலையில் கைபேசியோடு சேர்ந்ததும் மறைந்துபோகிறது. கைபேசியை மாற்றினாலும், கடிகாரத்தின் மென்பொருளைப் புதுப்பித்தாலும் இதே விளைவு நேரலாம். உச்சத் துடிப்பைத் தானே கண்டறியும் ஏற்பாடு அணைக்கப்படாமல் இருந்தாலோ, வேலையின் நடுவே சாதனம் பிழையாகக் கண்ட ஓர் உயர்ந்த எண்ணே அம்மனிதரின் புதிய உச்சமென்று ஏற்கப்பட்டு, அதன் சதவீதங்களாக வகுக்கப்பட்ட ஐந்து மண்டலங்களும் ஒருசேர மேலேறிவிடுகின்றன.

நம் கிராமங்களில் இதற்கு வேறொரு கோணமும் உண்டு. கடிகாரம் தகப்பனாருடைய மணிக்கட்டில் இருக்கும், கைபேசியோ மகனுடையது, கணக்கைத் திறந்தவனும் அவனே. அதில் அவன் தன் பிறந்த தேதியையே கொடுத்திருந்தால், ஐம்பத்தைந்து வயதுத் தகப்பனாரின் இருதயத்துக்கு இருபத்துநான்கு வயது இளைஞனின் எல்லை விதிக்கப்பட்டுவிடும். கடிகாரத்தை மட்டும் கையில் வாங்கிப் பார்க்கும் வைத்தியருக்கு இந்த உண்மை புலப்பட வழியில்லை.

பெரும்பாலான செயலிகள் கைக்கொள்ளும் சூத்திரம் 220இலிருந்து வயதைக் கழிப்பதாகும். ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கெல் என்ற மூவர் 1971இல், அதற்கு முன்னரே வெளிவந்திருந்த சில ஆய்வுகளின் புள்ளிகளைத் திரட்டி, அவற்றினூடே தோராயமாகக் கண்ட போக்கிலிருந்து பிறந்தது அது. தனியொருவருக்குப் பயிற்சி விதிக்கும் அளவுகோலாகப் பரீட்சித்து நிறுவப்பட்டதன்று. 2001இல் டனாகாவும் அவருடைய சகாக்களும் மிகப் பெரிய தொகுதியொன்றை ஆராய்ந்து, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிப்பதே பொருத்தமென்றும், முதியோர் விஷயத்தில் பழைய சூத்திரம் குறைத்தே மதிப்பிடுகிறதென்றும் காட்டினார்கள். எனினும் இவ்விரண்டில் எதைக் கொண்டாலும் ஒரே வயதினரான இருவருக்கிடையே பத்துத் துடிப்பும் அதற்கு மேலும் வித்தியாசம் இருப்பது சகஜம். இருதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை உண்பவருக்கோ இவ்விரண்டுமே பொருந்தா. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பயனாக இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்து சேரும் இக்காலத்தில், நோயாளி எந்த மாத்திரை உண்கிறார் என்பதைச் செயலி கேட்பதுமில்லை. கேட்டறிந்து எல்லையைத் திருத்துவதுமில்லை.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். மாரடைப்புக்குப் பின் மெட்டோப்ரொலால் என்னும் பீட்டா பிளாக்கரை உண்டுவரும் ஐம்பத்தைந்து வயதினர் ஒருவருக்கு, மாத்திரை உண்ட நிலையிலேயே செய்த டிரெட்மில் பரீட்சையில் உச்சத் துடிப்பு 130 என்றும், ஓய்வில் 58 என்றும் கண்டோமென வைத்துக்கொள்வோம். ஃபின்லாந்து நாட்டுக் கார்வோனன் 1957இல் வெளியிட்ட ஆய்வைத் தழுவிய முறைப்படி இவ்விரண்டின் வித்தியாசமான 72இல் அறுபது முதல் எழுபது சதவீதத்தை ஓய்வுத் துடிப்போடு கூட்டி எல்லை வகுத்தால் 101 முதல் 108 வரை வரும். செயலி அந்த 130ஐ அழித்து, பழைய சூத்திரப்படி 165ஐ உச்சமாக எழுதிவிட்டால், அதே மண்டலம் 122 முதல் 133 வரை என்று காட்டப்படும். நிதானமாகப் பயிற்சி செய்கிறோமென்று நம்பி அந்த எண்ணை எட்ட முயலும் நோயாளி, பரீட்சைக் கூடத்தில் வைத்தியரின் கண்காணிப்பில் தாம் தொட்ட உச்சத்தையே தாண்டத் தூண்டப்படுகிறார். வைத்தியர் எழுதிக் கொடுத்த மாத்திரையின் அளவை மருந்துக் கடைக்காரர் தம் இஷ்டப்படி மாற்றினால் நாம் பொறுப்போமா? விதித்த துடிப்பெல்லையும் மருந்தளவைப் போன்றதே.

உப்பளத்தில் இந்தப் பிழை மேலும் கடுமையாகிறது. வெண்ணிறப் பாத்திகளிலிருந்து மேலெழும் எதிரொளியும் தலைக்கு மேலே காயும் கத்திரி வெயிலும் சேர்ந்து வாட்டும்போது, இரத்தம் தோலை நோக்கித் திருப்பப்படுகிறது. வியர்வையால் அதன் அளவும் குறைகிறது. ஆகவே முன்னைய அதே வேலைக்கு இருதயம் அதிகம் துடித்தாக வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரிடம் வெப்பச் சுமை, சிறுநீரகத்தின் நிலை ஆகியவற்றை ஆராய்ந்து சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபாலும் சகாக்களும் எழுதியிருப்பவற்றை நம் வாசகர்கள் அறிவார்கள். ஏ.சி.ஜி.ஐ.எச். என்னும் அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர் சபையின் வழிகாட்டுதலின்படி, நலமான இருதயமுடையவருக்குத் துடிப்பு 180இலிருந்து வயதைக் கழித்த எண்ணுக்கு மேல் சில நிமிஷங்கள் தொடர்ந்து நின்றால் வேலையை நிறுத்த வேண்டும். நாற்பது வயதினருக்கு அது 140. ஆனால் அவ்வயதினருக்கு 180 என்று உச்சத்தை எழுதிக்கொண்ட செயலிக்கு 140 என்பது எழுபத்தெட்டு சதவீதம் மட்டுமே. உச்சத்தின் சதவீதத்தால் மண்டலம் பிரிக்கும் கடிகாரம் அதை நடுத்தரமான மூன்றாவது மண்டலமென்றே காட்டும். நிறுத்தச் சொல்ல வேண்டிய வேளையில் அது தொடரச் சொல்கிறது.

அபாய ஒலி காப்பாற்றுமென்று எண்ணுவோரும் உண்டு. பல கடிகாரங்களில் மிகைத் துடிப்பு எச்சரிக்கையானது, அணிந்தவர் ஏறத்தாழ பத்து நிமிஷம் அசையாதிருக்கும்போது மட்டுமே எழும்படி அமைந்திருக்கிறது. கூடை சுமக்கும் பெண்ணுக்கும், கழியில் கோத்த பலகையால் உப்பு வாரும் ஆளுக்கும் அது வேலை நேரத்தில் எழவே எழாது. உடற்பயிற்சி நிலைக்குரிய எச்சரிக்கையைத் தனியே அமைத்தாக வேண்டும். மேலும், தோலினூடே பச்சை ஒளியைச் செலுத்தி இரத்த ஓட்டத்தை அளக்கும் இச்சாதனங்களில் அசைவின்போது பிழை மிகுவது பலரும் கண்ட உண்மை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வு நிலையைக் காட்டிலும் இயக்கத்தின்போது பிழை சராசரி முப்பது சதவீதம் மிகுந்திருந்தது. கை ஒரே தாளத்தில் இழுத்தும் தள்ளியும் இயங்கும்போது, நாடிக்குப் பதிலாகக் கையசைவின் தாளத்தையே துடிப்பென்று சாதனம் எண்ணிவிடுவதுமுண்டு. அவ்விதம் பிறந்த பொய்யெண்தான், தானே கண்டறியும் ஏற்பாட்டின் வழியே, புதிய உச்சமாகப் பட்டமேறுகிறது.

எனவே நாம் செய்யத்தக்கது யாது? உச்சத் துடிப்பையும் மண்டல எல்லைகளையும் கடிகாரத்தில் மட்டும் பதிக்காமல் செயலியின் கணக்கிலேயே முதலில் பதிக்க வேண்டும். தானே கண்டறியும் ஏற்பாட்டை அணைத்துவிட வேண்டும். எல்லைகளைச் சதவீதமாக வைக்காமல் துடிப்பெண்ணாகவே வைக்க இடமிருந்தால் அப்படியே வைக்க வேண்டும். பிறகு நோயாளியின் முன்னிலையிலேயே ஒருமுறை சிங்க் செய்து, எண் நிலைத்திருக்கிறதா என்று கண்ணால் கண்ட பின்னரே அவரை அனுப்ப வேண்டும். இவை சில நிமிஷங்களில் முடியும் காரியங்கள். விதித்த எண், தேதி, அதைக் கண்ட விதம், உண்ணும் மாத்திரை ஆகியவற்றை நோயாளியின் சீட்டில் மையால் எழுதித் தருவது இவற்றினும் முக்கியம்; அச்சீட்டை எந்தச் செயலியும் திருத்த இயலாது. உப்பளத்திலோ, கடிகாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், புரூகா என்பவர் வகுத்த பழைய முறையைக் கைவிடக்கூடாதென்பது நம் அபிப்பிராயம்: வேலையை நிறுத்தி உட்கார்ந்த முதல் நிமிஷத்தின் பிற்பாதியிலும் மூன்றாம் நிமிஷத்தின் பிற்பாதியிலும் விரலால் நாடியை எண்ணி, மூன்றாம் நிமிஷத்திலும் துடிப்பு தொண்ணூறுக்கு மேல் நின்று, முதல் எண்ணிக்கையிலிருந்து பத்தும் குறையாதிருந்தால், அந்த வேலை அந்த மனிதருக்கு அந்த வெயிலில் மிகையென்று தெளியலாம். பீட்டா பிளாக்கர் உண்பவரிடம் இந்த எண்ணிக்கையும் ஏமாற்றக்கூடும் என்பதால், அவரை அறிகுறிகளைக் கொண்டும் கவனிக்க வேண்டும்.

தயாரிப்பாளருக்கும் ஒரு கடமை உண்டு. வைத்தியர் பதித்த எண்ணைப் பூட்டிவைக்க ஓர் ஏற்பாடும், எந்த எண் எப்பொழுது எதனால் மாற்றப்பட்டது என்று காட்டும் ஒரு குறிப்பேடும் செயலியில் இருந்தாக வேண்டும். இவற்றைச் செய்வதில் தொழில்நுட்பச் சிரமம் ஏதும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. மத்திய அரசு 2020 ஏப்ரல் முதல் மருத்துவ சாதனங்கள் அனைத்தையும், மென்பொருள் உட்பட, மருந்துச் சட்டத்தின் வரையறைக்குள் கொணர்ந்திருக்கிறது; எனினும் மருத்துவ நோக்கம் எதையும் சொல்லாமல் ஆரோக்கியப் பொருளென்று விற்கப்படும் கடிகாரம் அதற்கு வெளியே நின்றுவிடுகிறது. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தபின், தொழிலாளரின் வெப்பச் சுமையை அளக்க இச்சாதனங்களை வாங்கும் யோசனை எங்கே எழுந்தாலும், பூட்டும் குறிப்பேடும் இல்லாதவற்றை வாங்கலாகாது என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும். அதுவரையில், கடிகாரம் அணிந்து வரும் ஒவ்வொரு நோயாளியிடமும் அவருடைய கைபேசியையும் கேட்டு வாங்கி, உள்ளே எழுதப்பட்டிருக்கும் உச்சத் துடிப்பையும் பிறந்த தேதியையும் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி நம் வாசகர்களை வேண்டிக்கொள்கிறோம்.